மருந்துச்சாலையே கல்விச்சாலை

கற்ற கலையை ஒளியாது கற்பிப்பவனே மெய்யான ஆசான். நம் முன்னோருள் வைத்தியர் பலர் கைகண்ட முறைகளைத் தம் மக்களுக்கன்றிப் பிறர்க்கு உரையாமற் காத்தனர். மகனில்லாத வைத்தியரின் ஏடு கறையானுக்கு இரையாயிற்று; அவர் கைக்குணம் அவரோடு சுடுகாடு சென்றது. அறிவைக் குலச்சொத்தாகப் பூட்டிவைத்த இக்கேட்டினை எண்ணுந்தோறும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அப்பூட்டினைத் திறந்த ஓர் அந்நியரின் வரலாறு நம் நினைவிற்கு வருகின்றது.

அவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன். 1822-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஊஸ்டர் நகரிற் பிறந்து, நியூயார்க்கில் மருத்துவங் கற்று, 1847-இல் அமெரிக்க மிஷனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். மதம் பரப்புதல் அம்மிஷனின் நோக்கம் என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அவர் செய்த அறிவுத் தொண்டு மதங் கடந்தது.

நோய் தீர்ப்பதோடு அவர் அமைந்திருந்தாலும் குறை கூறுவார் இலர். ஆனால் ஒருவருடைய இரு கைகள் எத்தனை உயிரைக் காக்கும்? ஆகவே 1848 முதலே இளைஞர் சிலரைச் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கினார். மருந்துச்சாலையே கல்விச்சாலையாயிற்று, வந்த நோயாளியே பாடமானான். சுரம் என்னும் சொல்லை ஏட்டிற் படிப்பது வேறு. சுரங்கண்டவன் அருகிருந்து நாடி பார்த்து அறிவது வேறு. இரண்டையும் இணைப்பதே மருத்துவக் கல்வி.

தொடக்கத்தில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. 1857-இல் தாயகம் சென்று 1862-இல் மீண்டு வந்த கிரீன், தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். ஆங்கிலங் கற்றோர் உத்தியோகம் நாடி ஊரைவிட்டு அகல்வர். தமிழிற் கற்றோரே கிராமத்தில் தங்கி ஏழைக்கு உதவுவர் என்பது அவர் கருத்து. ஆங்கிலக் கல்வியால் எழுதுகோல் பிடித்து வாழும் நம்போன்றோர்க்கு இச்சொல் சற்றே சுடத்தான் செய்யும். சுடினும் உண்மை உண்மையே.

பாடஞ் சொல்ல நூல் வேண்டுமே! தம் மாணாக்கரையும் துணைகொண்டு நூல்களைத் தமிழாக்கினார். 1857-இல் ‘பிரசவ வைத்தியம்’, 1867-இல் ‘இரண வைத்தியம்’, 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’, 1875-இல் ‘கெமிஸ்தம்’ என அவை வெளிவந்தன. பிற்சொன்ன நூல் வெளிவருமுன்பே, 1873-இல், அவர் உடல்நலங் குன்றி அமெரிக்கா திரும்பிவிட்டார். அங்கிருந்தும் தமிழ்ப்பணியை விட்டாரில்லை. ஒரு பொருளுக்கு முதலில் தமிழ்ச்சொல் தேடினார்; கிடைக்காவிடின் வடசொல்லை நாடினார்; அதுவும் உதவாதபோது பிறமொழிச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இணங்க எழுதினார். ‘கெமிஸ்தம்’ என்னும் பெயரே அதற்குச் சான்று. தமிழில் விஞ்ஞானம் சொல்ல முடியாது என்று தமிழரே கூறும்போது, அயலார் ஒருவர் சொல்லிக் காட்டினார்!

அவரிடம் பயின்று வைத்தியரானோர் 60-க்கு மேற்பட்டோர். அவருள் 30-க்கு மேற்பட்டோர் தமிழிற் கற்றவர். 1884-இல் ஊஸ்டரில் அவர் மறைந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியர் என அவரைக் குறிக்கும் கல் ஒன்று அவர் கல்லறையில் நிற்கின்றது. மானிப்பாய் மருத்துவமனை அவர் பெயரையே தாங்குகின்றது. தமிழ்வழி மருத்துவக் கல்வியோ அவருக்குப்பின் நெடுநாள் நிலைக்கவில்லை. 1870-இல் கொழும்பில் எழுந்த அரசாங்க மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தையே கைக்கொண்டது. உத்தியோகமும் அம்மொழியின் பின்னே சென்றது. கிரீன் நட்ட பயிர் பட்டது அவர் குற்றமன்று. நீர் வார்க்க நாம் முன்வராத குற்றமே.

நம்மவரில் இன்று டாக்டர்கள் பலர் உளர். நோயாளியின் கட்டிலருகே இளையவரை நிறுத்தி, கூலி கருதாது ஒரு நாழிகை கற்பிப்பது அவர்க்கு இயலாததன்று. அத்தோடு, வலியைத் தமிழிற் சொல்லும் ஏழைத் தாய்க்கு அவள் நோயைத் தமிழில் விளக்கவும் அவ்விளையவரைப் பழக்குதல் வேண்டும். பட்டம் பெற்றவர் பலராகலாம். தாம் பெற்றதைப் பிறர் கையில் வைத்துச் சென்றவரே சமூகத்தில் வாழ்வர்.