பெயர் எழுதாத உறை

2002 நவம்பரில் பொறியாளர் சத்தியேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைப் பணியின் முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பெயரை இரகசியமாக வைக்கும்படியும் கேட்டிருந்தார். கடிதமோ பெயரோடு பல மேசைகளைச் சுற்றியது. 2003 நவம்பர் 27-ல் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்று 2010-ல் மூவர் தண்டிக்கப்பட்டனர். ஆனாலும் பெயர் கசிந்தது கசிந்ததுதான்.

நாடு கொதித்தது. 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. புகாரை மூடிய உறையில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு அனுப்பலாம். உறைமேல் பெயர் கூடாது, உள்ளே கட்டாயம் வேண்டும். மொட்டைக் கடிதம் செல்லாது. பொதுத்துறை வங்கி ஊழியருக்கும் இதே வழிதான்.

தனியார், வெளிநாட்டு வங்கிகளுக்கு 2007 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி இதுபோன்ற திட்டத்தை அறிவித்தது. இன்று வங்கி ஊழியர் ஒட்டும் அந்த உறைக்குப் பின்னால் ஓர் உயிர் இருக்கிறது.