வாவிக்கரையில் பொறுமை

ஏழைகளுக்குப் பொறுமையைப் போலத் தாராளமாக வழங்கப்பட்ட உபதேசம் வேறில்லை. கூலி குறைந்தாலும் பொறு, பிள்ளையைப் பறிகொடுத்தாலும் பொறு, மறுமையில் பலனுண்டு என்னும் குரல் கிறித்தவப் பிரசங்க மேடைகளிலும் ஒலித்ததுண்டு. அதை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்திலே இதற்கு வழங்கும் 'ஹுப்பொமொனே' என்ற சொல்லுக்குச் சுமையின் கீழ் நிலைத்து நிற்றல், இடம்பெயராதிருத்தல் என்பதே அடிப்பொருள். வாய்மூடியிருத்தல் என்ற பொருள் அதில் இல்லை. மட்டக்களப்பு வாவிக்கரையின் வரலாற்றை நோக்குவோர்க்கு இவ்வேறுபாடு தெளிவாகும்.

1813 டிசம்பர் இறுதியில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட வெஸ்லியன் மிசனரிமாருள் வில்லியம் ஓல்ட் ஒருவர். கடல்வழியிலே அவர் மனைவி இறந்தார். 1814 மே 3ஆம் நாள் குழுத்தலைவர் தோமஸ் கோக்கும் கப்பலிலேயே மாண்டார். மட்டக்களப்பு ஓல்டின் பங்காயிற்று. தனியராய் வந்து பள்ளிகளைத் திறந்த அவர் 1815 ஏப்ரல் 1ஆம் நாள் இறந்தார். இங்கே அவர் வாழ்ந்தது ஏறத்தாழ எட்டு மாதங்களே. மிசனரிமார் பேரரசின் நிழலில் வந்தவர்கள் என்பதை நாம் மறக்கவில்லை. எனினும் புளியந்தீவின் மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814ஐயே தன் தொடக்க ஆண்டாகக் கொள்கிறது. எட்டு மாத வேலையைப் பின்வந்தோர் கைவிடவில்லை.

அப்பேரரசு நீங்கி நாடு சுதந்திரம் பெற்ற 1948இல் அமெரிக்க யேசு சபையினரான யூஜின் ஹெபர்ட் அடிகளாரும் ஹரி மில்லர் அடிகளாரும் இலங்கைக்கு வந்தனர். ஹெபர்ட், புனித மிக்கேல் கல்லூரி மாணவர்க்குக் கூடைப்பந்து பயிற்றியவர். பின்னர் இளைஞர்க்குக் கைத்தொழில் கற்பித்தவர். 1990இல் போர் மீண்டும் மூண்டபோது அவர்கள் ஊர் திரும்பியிருந்தால் குறை கூறுவார் யார்?

அவ்வாண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 15ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட ஹெபர்டும் உடன்சென்ற தமிழ் இளைஞனும் வந்து சேரவில்லை. செப்டெம்பர் 5ஆம் நாள் வந்தாறுமூலையிலே, கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தோருள் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டனர். ஒருவரும் மீளவில்லை.

நண்பரை இழந்த மில்லர் என்ன செய்தார்? எழுதினார். மட்டக்களப்பு அமைதிக் குழுவினருடன் சேர்ந்து, பிள்ளையைத் தேடி வந்த தாய்மார் கூறியவற்றைக் கேட்டு, பெயரும் ஊரும் நாளும் பிடிபட்ட இடமும் குறித்துவைத்தார். அதிகாரிகளிடம் சென்று கேட்டார். மறுமொழி இல்லையெனினும் மீண்டும் சென்றார். ஆயுதம் ஏந்தியோர் எவராயினும் குறிப்பேட்டை விரும்புவதில்லை. பெயரில்லாத சாவே அவர்களுக்கு வசதி. செபமும் தியானமும் ஆன்மிகம் என்போர், ஒருவன் பெயரைப் பிழையின்றி எழுதிவைத்தலையும் அதில் சேர்த்துக்கொள்ளட்டும். முதுமையில் ஒருமுறை அமெரிக்கா திரும்பிய மில்லர் அங்கே தரிக்கவில்லை. மட்டக்களப்புக்கே மீண்டு, 2017 சனவரியில் இங்கேயே மறைந்தார்.

லூக்கா எழுதிய நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்திலே ஒரு விதவையின் கதை வருகிறது. கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதியாத நடுவனிடம் அவள் நாள்தோறும் சென்று நியாயம் கேட்கிறாள். அவளுடைய தொல்லை பொறுக்கமாட்டாமல் அவன் இறுதியில் இணங்குகிறான். இயேசு இக்கதையைச் சொன்னது இடைவிடாது செபிப்பதற்கு எடுத்துக்காட்டாகவே. ஆனால் எடுத்துக்காட்டாக அவர் தேர்ந்தவள் முழந்தாளிட்டிருப்பவள் அல்லள், வாசலில் நின்று கேட்பவள். இங்கே பொறுமை இழந்தவன் நடுவன்தான்!

வந்தாறுமூலைத் தாய்மாருள் மிகுதியானோர் இந்துக்கள். இக்கதையை அவர்கள் படித்திருக்க வேண்டியதில்லை. 1994இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழுவின் முன் அவர்கள் சாட்சி சொன்னார்கள். அது 158 பேரும் கொண்டுசெல்லப்பட்டதை உறுதிசெய்து அறிக்கையும் தந்தது. தண்டனை பெற்றவர் இலர். 2018இல் காணாமல்போனோர் அலுவலகம் இயங்கத் தொடங்கியபோது மீண்டும் படிவங்கள், மீண்டும் அதே கேள்விகள். அன்னையர் சிலர் விடை காணாமலே கண்மூடினர். எஞ்சியோர் செப்டெம்பர் 5ஆம் நாள் வரும்போது வந்தாறுமூலையில் கூடி விளக்கேற்றுகின்றனர்; ஏற்றியபின் அதே கேள்வியைக் கேட்கின்றனர்.