வயிற்றில் ஜிஸ்ட் கட்டி: எவ்வளவு வெட்டி எடுக்க வேண்டும்?

வயிற்றில் புற்றுநோய்க் கட்டி என்று மருத்துவர் சொன்னதும், இரைப்பை முழுவதையும் எடுத்துவிடுவார்களோ என்ற பயம் பலருக்கு வருகிறது. எல்லாக் கட்டிக்கும் அது தேவையில்லை. 'ஜிஸ்ட்' எனப்படும் மென்திசுப் புற்றுநோய் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

ஜிஸ்ட் என்றால் என்ன?

வழக்கமான இரைப்பைப் புற்றுநோய் உட்புறச் சவ்வில் தொடங்கும். ஜிஸ்ட், இரைப்பை அல்லது குடலின் சுவருக்குள் தோன்றும். பாதிக்கும் மேற்பட்டவை இரைப்பையில்தான் வருகின்றன, அடுத்து சிறுகுடல். மலம் கறுத்துப் போதல், இரத்தச் சோகையால் களைப்பு ஆகியவை அறிகுறிகள். சிறிய கட்டிகள் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல், வேறு காரணத்துக்காகச் செய்யும் எண்டோஸ்கோப்பியில் தென்படும்.

ஓரம் போதும்

வழக்கமான இரைப்பைப் புற்றுநோய் நிணநீர்க் கணுக்கள் வழியாகப் பரவக்கூடியது. அதனால் இரைப்பையின் பெரும் பகுதியையும் கணுக்களையும் சேர்த்து எடுக்கிறார்கள். ஜிஸ்ட் அந்த வழியில் பரவுவது அரிது. எனவே கட்டியையும் அதைச் சுற்றிச் சிறிதளவு நல்ல திசுவையும் எடுத்தால் பொதுவாகப் போதும்.

இரைப்பையில் 2 சென்டிமீட்டருக்கும் குறைவாக, சந்தேகத்துக்குரிய தோற்றம் இல்லாமல் இருந்தால், அறுவை சிகிச்சையின்றிக் கண்காணிப்பதும் உண்டு. சிறுகுடலில் இருந்தால் சிறியதையும் எடுத்துவிடுவதே வழக்கம். அதே அளவிலும் அது கூடுதல் ஆபத்தானது.

உடையவே கூடாது

இக்கட்டி மென்மையானது. உடைந்தால் புற்றணுக்கள் வயிற்றுக்குள் சிதறி, நோய் திரும்பும் ஆபத்து வெகுவாகக் கூடும். அதனால்தான் சிறுதுளை அறுவை சிகிச்சையில் கட்டியைப் பையில் இட்டு முழுதாக வெளியே எடுக்கிறார்கள்.

மாத்திரையின் பங்கு

உணவுக்குழாய் சேரும் இடம், மலக்குடல் போன்ற சிக்கலான இடங்களில் கட்டி இருந்தால், இமாட்டினிப் மாத்திரையால் முதலில் சுருங்கச் செய்து, பிறகு குறைவாக வெட்டலாம். நோய் திரும்பும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு அறுவைக்குப் பின்னும் இம்மாத்திரை தரப்படுகிறது. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், அத்தகையோரில் 3 ஆண்டு மாத்திரை எடுத்தவர்களில் 92 விழுக்காட்டினர் 5 ஆண்டுக்குப் பின் உயிருடன் இருந்தனர். ஓராண்டு மட்டும் எடுத்தவர்களில் அது சுமார் 82 விழுக்காடு.

எல்லாம் ஒன்றல்ல

வயிற்றின் பின்பகுதியில் கொழுப்புத் திசுவில் தோன்றும் லைப்போசார்க்கோமா இதற்கு நேர்மாறு. நல்ல கொழுப்பு எது, கட்டி எது என்று பிரித்தறிவது கடினம். கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால் அதே இடத்தில் மீண்டும் வளரலாம். எனவே ஒட்டியுள்ள சிறுநீரகம், பெருங்குடல் பகுதி ஆகியவற்றையும் சேர்த்து எடுக்க நேரிடும். முதல் அறுவை சிகிச்சைதான் குணமடைவதற்கான சிறந்த வாய்ப்பு.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

- இது எந்த வகைக் கட்டி? எந்த இடத்தில், எத்தனை சென்டிமீட்டர்?
- உறுப்பில் எவ்வளவு எடுக்கப்படும்? ஏன்?
- முன்னதாக மாத்திரை கொடுத்தால் பலன் உண்டா?
- இவ்வகைக் கட்டியில் அனுபவமுள்ள மருத்துவமனைக்கு அனுப்ப முடியுமா?

கையெழுத்துப் போடுவதற்கு முன் இவற்றுக்கு விடை கேட்பது நோயாளியின் உரிமை. அறுவைக்குப் பின், உடம்பு நன்றாக இருந்தாலும், மருத்துவர் சொல்லும் சிடி ஸ்கேன் தேதிகளைத் தவறவிடக் கூடாது.