வீட்டுக்கு மூத்த வாசக்கால்

வில்லியனூரைத் தாண்டி விழுப்புரம் சாலையில் அரியூர்ப் பக்கம் போனால், புது மனைகளில் ஒரு காட்சி அடிக்கடி கண்ணில் படும். பேஸ்மட்டம் மட்டுமே முடிந்திருக்கும். சுவர் முழங்கால் உயரம்கூட எழும்பியிருக்காது. ஆனால் வாசக்கால் மட்டும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலைக் கொத்தோடு, சவுக்குக் கழி முட்டில் நிமிர்ந்து நிற்கும். வீட்டுக்காரர் குடிவருவதற்குப் பல மாதம் முன்பே அது வந்துவிடுகிறது. வீட்டை இடிக்கும் நாளிலும் அதற்குத்தான் முதலில் விலை பேசுவார்கள். சுவரைவிட, கூரையைவிட, சில சமயம் கட்டியவரைவிடவும் அதற்கு ஆயுள் அதிகம்.

அதன் பயணம் மரத்தில் தொடங்குகிறது. முன்பெல்லாம் கொல்லையில் நின்ற வேம்போ பூவரசோ பலாவோ போதும். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்தபோது இந்தப் பக்கத்து மரங்கள் கொத்துக் கொத்தாய்ச் சாய்ந்தன. விறகுக்குப் போனது போக, வைரம் பாய்ந்தவை அறுப்பு மில்லுக்குப் போயின. ஆனாலும் தலைவாசல் என்றால் மனசு தேக்குக்குத்தான் போகும்.

தேக்கு என்றதும் நம் பக்கத்தில் பர்மாவைத்தான் சொல்வார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கும். அதனால் அங்கே மரத்தின் அடியைச் சுற்றிப் பட்டையைச் செதுக்கி, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று வருஷம் காயவிட்டு, பிறகு வெட்டி, யானை கட்டி இழுத்து ஆற்றில் விடுவார்கள். அந்த வியாபாரம் ஒரு ராஜ்யத்தையே விழுங்கியது. 1863இல் தொடங்கிய பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் மீது பர்மா அரசு விதித்த அபராதத்தைச் சாக்காக வைத்து, 1885இல் ஆங்கிலேயர் படையெடுத்தார்கள். மன்னர் தீபா ரத்னகிரிக்கு நாடு கடத்தப்பட்டார். செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் நிலைகளும் அந்தக் காட்டு மரம்தான். 2014 ஏப்ரல் 1 முதல் மியான்மர் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இன்று டெப்போவில் அடுக்கிக் கிடப்பதில் பெரும்பகுதி ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காத் தோட்டங்களில் வளர்ந்த தேக்கு.

“வெளிநாட்டுத் தேக்கு சல்லிசாக் கிடைக்குதாமே ஆசாரி, அதையே எடுத்துடலாமா?” என்று வீட்டுக்காரர் கேட்பார்.

“எடுக்கலாங்க. ஆனா சீக்கிரம் வளந்த மரம், வெள்ளை அதிகம் இருக்கும். வெள்ளையைக் கறையான் விடாது. வைரம் இருக்கிற துண்டாப் பாத்து எடுத்துக்கலாம்” என்பார் ஆசாரி.

மரக் கணக்கு கன அடியில். 7 அடி உயரம், 4 அடி அகலம், 6க்கு 4 அங்குலக் கனம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு கால், மேல் சட்டம், கீழ்ப்படி நான்கும் சேர்த்து 22 அடி நீளம். மூன்றே முக்கால் கன அடிக்குச் சற்றுக் குறைவு. சேதாரத்தோடு 4 கன அடி வாங்க வேண்டும். பச்சையாக இருந்தால் அடித்த பிறகு மரம் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். அதனால் அறுத்த சட்டங்களை இடையிடையே ரீப்பர் கொடுத்து நிழலில் அடுக்கிக் காயப்போடுவார்கள்.

பிறகு இழைப்புளி, உளி, கொட்டாப்புளி. கால்களின் இரு முனையிலும் கழுந்து செதுக்கி, மேல் சட்டத்திலும் கீழ்ப்படியிலும் அதற்குத் துளை எடுத்து, இறுக்கிப் பொருத்தி, மூங்கில் ஆணி அடிக்கிறார் ஆசாரி. கதவு வந்து உட்கார உள்பக்கம் காடி எடுக்கிறார். மேல் சட்டத்தில் கஜலட்சுமி, கால்களில் கொடிக்கருக்கு என்றால் அதற்குத் தனிக்கூலி, தனி நாள். முடிந்ததும் ஒரு கயிற்றை எடுத்து மூலைக்கு மூலை குறுக்கே பிடிப்பார். இரண்டு குறுக்களவும் ஒன்றாக வந்தால்தான் மூலைகள் செங்கோணம்; 7க்கு 4 என்றால் அது 8 அடி முக்கால் அங்குலம். வண்டியில் ஏற்றி இறக்கும்போது அந்தக் கோணம் கலையாமலிருக்கக் குறுக்கே ஒரு ரீப்பரை அடித்துவிடுவார். சுவரில் பதியும் முதுகுப் பக்கத்துக்குத் தார்.

நிலை வைக்கிற நாள் ஒரு சின்னக் கல்யாணம். கீழ்ப்படி உட்காரும் இடத்தில் நவரத்தினத் துணுக்கு, பஞ்சலோகம், நவதானியம் போடுகிறார்கள். வீட்டுச் சுமங்கலிகள் மஞ்சள் தடவிப் பொட்டு வைக்கிறார்கள். மேல் சட்டத்தில் மஞ்சள் துணியில் முடிந்த நவதானியம் ஏறுகிறது. ஆசாரிக்கு வேட்டி, துண்டு, தட்சணை. நல்ல நேரம் முடிவதற்குள் நிலை எழும்பியாக வேண்டும். கூட்டம் சர்க்கரைப் பொங்கலுக்கு நகர்ந்த பிறகுதான் உண்மையான வேலை. தூக்குக்குண்டை முகப்பிலும் பக்கவாட்டிலும் விட்டுப் பார்த்து, ரசமட்டத்தை மேல் சட்டத்தில் வைத்து, கழி முட்டுகளைத் தட்டித் தட்டிச் சரிசெய்கிறார்கள். காலுக்கு மூன்றாக இரும்புக் கிளாம்பு அடித்து, கொத்தனார் செங்கல் ஏற்றிக்கொண்டு வரும்போது அவற்றைக் காங்கிரீட்டில் புதைக்கிறார். இடையில் யாராவது முட்டில் இடித்து நிலை அரை அங்குலம் சாய்ந்தால், பின்னால் திறந்த கதவு நிற்காது, தானாகவே நகரும். அதைப் பார்த்து ஆசாரி கொத்தனாரைச் சொல்வார், கொத்தனார் ஆசாரியைச் சொல்வார்.

குளிர் நாட்டு வீடுகளில் கணப்பைச் சுற்றி அலங்கார மரச்சட்டம் அடித்து, வர்ணம் பூசி, அதன்மேல் குடும்பப் படங்களை வைப்பார்கள். ஊட்டியின் பழைய பங்களாக்களிலும் அது உண்டு. வெயில் காயும் அரியூரில் அந்த மரியாதை முழுவதும் வாசக்காலுக்கு. தேக்கு என்றால் ரேகை தெரிய வார்னிஷோ, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொட்டலத்தால் தேய்க்கும் பிரெஞ்சு பாலிஷோ. வேம்பு என்றால் பிரைமர், லப்பம், உப்புத்தாள் தேய்ப்பு, இரண்டு கை எனாமல். எதுவானாலும் கீழ்ப்படிக்கு மட்டும் மஞ்சள் எனாமலும் சிவப்புப் பொட்டும்: வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் அரைக்க நேரமில்லாத வீட்டின் நிரந்தர ஏற்பாடு.

இப்போது இரும்பு நிலையும், மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த நிலையும் வந்துவிட்டன. பூச்சு வேலை முடிந்த பிறகு திருகாணியால் முடுக்கிவிடலாம். மழையில் ஊறி உப்பாது, கறையான் அண்டாது. உள்ளறைகளுக்கு அவை போதும் என்று பலரும் மாறிவிட்டார்கள். ஆனால் அவை வீடு வந்த பிறகு வருபவை. சுவர் விட்ட இடத்தில் உட்காருபவை. தலைவாசலில் இன்னும் நிலைதான் முதலில் நின்று சுவருக்கு இடம் சொல்கிறது.

பழைய ஓட்டு வீட்டை இடிக்கும்போது வரும் வியாபாரி ஓட்டையும் செங்கலையும் மொத்தமாகப் பேசி, வாசக்காலைத் தனியாகத் தட்டிப் பார்ப்பார். விற்றால் அது புதுச்சேரியின் பழம்பொருள் கடைக்கோ, காரைக்குடிக்கோ போய், எங்கோ ஒரு ஓட்டலின் வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டமாகலாம். விற்காதவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காலத்து நிலை குனிந்து நுழையும் உயரம். இன்றைய தலைவாசலுக்குக் காணாது. அதனால் மண்ணரித்த அடிக்காலை நாலு விரல்கடை அறுத்து, புதுக் கீழ்ப்படி கோத்து, பழைய வர்ணத்தைச் சுரண்டி, சாமி அறைக்கு வைத்துவிடுகிறார்கள். அங்கே குனிந்து போவதில் யாருக்கும் குறையில்லை. புது வீட்டிலும் அதற்கே மூப்பு.