பந்திவிசாரணையும் தலைவர் தெரிவும்

எருசலேம் திருச்சபையில் எழுந்த முதல் உட்பூசல் சோற்றைப் பற்றியது. அன்றாடப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் விடுபட்டுப்போகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசிய யூதக் கிறிஸ்தவர்கள் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர் தாங்களே ஆள் போட்டிருக்கலாம். ஆனால் பந்திவிசாரணைக்கு நற்சாட்சி பெற்ற ஏழு பேரைச் சபையே தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். எபிரேயர் தமக்கும் பாதி இடம் வேண்டும் என்று கேட்டதாகக் குறிப்பே இல்லை. குறை சொன்ன சிறுபான்மையின் கையிலேயே பங்கீட்டை ஒப்படைத்த சபை அது. அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரத்தைப் பிரசங்கிப்பவர்கள் பெரும்பாலும் ஸ்தேவானின் இரத்தசாட்சி மரணத்துக்கு விரைந்து போய்விடுகிறார்கள். இந்தப் பெயர்ப்பட்டியலில் நிற்பவர்கள் குறைவு.

இலங்கை மலையகத்தில் வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவே இரயில் நின்று போகும் றொசல்லயிலிருந்தும், அதைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்தும் பார்க்கும்போது, அந்தப் பட்டியல்தான் ஆறாம் அதிகாரத்தின் மையம்.

மலையகத் தோட்டங்களில் அங்கிலிக்கப் பணி ஒழுங்கான வடிவம் பெற்றது 1854இல், ‘தமிழ் கூலி மிஷன்’ என்ற பெயரில். பணம் கோப்பித் துரைமாருடையது. அவர்களில் அங்கிலிக்கரும் உண்டு, ஸ்கொத்லாந்துப் பிரஸ்பிட்டேரியரும் உண்டு. மேற்பார்வை சீ.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷனரிமாருடையது. தோட்டம் தோட்டமாக நடந்து திரிந்த உபதேசிமாரில் பலர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். காலையில் பிரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிட்ட அதிகாரமே கோயிலுக்கும் படியளந்தது. பின்னாளில் அந்த மிஷனின் பெயரிலிருந்த ‘கூலி’ போய்விட்டது. அதிகார ஒழுங்கு அவ்வளவு சுலபமாகப் போகவில்லை.

1876இல் இந்த மிஷனை வைத்து ஒரு பெரும் வழக்கு மூண்டது. றெஜினோல்ட் கொப்பிள்ஸ்டன் 1875 டிசம்பரில் கொழும்பு ஆயராக அபிஷேகம் பெற்றபோது அவருக்கு வயது 30. ஆயரின் அதிகாரத்தை உயர்வாகக் கருதும் உயர்சபைப் போக்குடையவர். தம் மறைமாவட்டத்துக்குள் நடக்கும் பணி தமக்கும் தம் குருமாருக்கும் கட்டுப்பட வேண்டும் என்றார். சீ.எம்.எஸ். மறுத்தது. தங்கள் பணம் ஒரு ஆயரின் கைக்குள் போவதைத் துரைமாரும் விரும்பவில்லை. ஆயர் மிஷனரிமாரின் உரிமப் பத்திரங்களைத் திரும்பப் பெற்றார். விவகாரம் இங்கிலாந்துக்குப் போய், கன்டர்பரி பேராயர் தலையிட்டு, 1880இல்தான் இணக்கம் கண்டது.

உபதேசியாரை யார் கண்காணிப்பது என்பதே அந்த வழக்கின் கரு. ஆயர் பேசினார், மிஷன் பேசியது, துரைமார் பேசினார்கள், இலண்டன் பேசியது. அந்த உபதேசியாரின் வாயிலிருந்து வேதம் கேட்ட தொழிலாளிக்கு அதில் இடமே இருக்கவில்லை. எருசலேமில் முறுமுறுத்தவர்களுக்குக் கிடைத்த காது, கோப்பித் தோட்டத்தில் யாருக்கும் கிடைக்கவில்லை.

கொப்பிள்ஸ்டனை வில்லனாக்கி விடவும் கூடாது. 1902இல் அவர் கல்கத்தாவுக்கு மாறி, இந்தியா முழுவதற்கும் தலைமை ஆயரானார். 1912 டிசம்பர் 29ஆம் தேதி கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில், திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்த வே. சா. அசரியாவைத் தோர்ணக்கல் ஆயராக அபிஷேகம் செய்தவர் அவரே. அங்கிலிக்கத் திருச்சபையில் ஆயரான முதல் இந்தியர் அசரியாதான். ஆனால் அவரையும் தோர்ணக்கல்லின் தெலுங்கு ஏழை மக்கள் வாக்களித்துத் தெரிந்தெடுக்கவில்லை. மேலிருந்து வந்த நியமனம் நல்ல தலைவரைத் தரும் என்பதற்கு அவரைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. ஆகவே நியமனம் எல்லாம் கெட்டது, தேர்தல் எல்லாம் நல்லது என்று அடித்துப் பேச இடமில்லை.

இன்றைய நிலைக்கு வருவோம். 1880களில் அரசின் கொடுப்பனவு நின்றபின் இலங்கை அங்கிலிக்கர் தமக்கெனச் சங்கம் அமைத்து, குருமாரும் பொதுநிலையினரும் வாக்களிக்கும் முறைக்கு வந்தார்கள். ஆயர் தெரிவில் இரு தரப்பிலும் வேண்டிய பெரும்பான்மை ஒருவருக்கும் சேராவிட்டால் முடிவு வெளியே போகும். இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கைத் திருச்சபை 1970இல் கலைந்தபின் அந்த ‘வெளி’ கன்டர்பரி ஆயிற்று. 2020இல் கொழும்பு ஆயராகத் துஷாந்த றொட்ரிகோவை நியமித்தவர் கன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி. கூலி மிஷன் வழக்கு முடிந்து 140 ஆண்டுக்குப் பிறகும் கடைசிச் சொல் அதே இடத்திலிருந்து வந்தது.

மெதடிஸ்தர் 1964இல் தன்னாட்சி பெற்றார்கள். மாநாடு தலைவரைத் தெரிவு செய்கிறது, குருமாரை இடம் மாற்றுகிறது.

கத்தோலிக்கரிடம் ஆயர் நியமனம் பாப்பரசருடையது. நுவரெலியா மாவட்டம் அடங்கிய கண்டி மறைமாவட்டம் 1886இல் உருவானது. பஞானி, பீக்மேயர், றெஞ்ஞோ, லியோ நாணயக்கார, போல் பெரேரா, வியான்னி பெர்னாண்டோ, வலன்ஸ் மென்டிஸ் என்று இதுவரை எழுவர் அதன் ஆயர்கள். இந்த எழுவரில் தோட்டத்து லயத்திலிருந்து வந்தவர் ஒருவருமில்லை. இது அவர்களுடைய பணியைக் குறைத்துச் சொல்வதாகாது. லியோ நாணயக்கார 1972இல் கண்டியை விட்டுப் புதிய பதுளை மறைமாவட்டத்துக்குப் போய் ஏழைகளோடு நின்றவர். அதே ஆண்டில் இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் கண்டியில் சத்தியோதயத்தைத் தொடங்கித் தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காக உழைத்தார். ஆயினும் பரிவோடு பேசும் பிறர் ஒரு பக்கம், தமக்காகத் தாமே பேசுவோர் மறுபக்கம் என்றால், ஆறாம் அதிகாரம் எந்தப் பக்கம் என்பதில் ஐயமில்லை. 2024 அக்டோபரில் நிறைவுற்ற உலக ஆயர் மாமன்றத்தின் இறுதி ஆவணமும், ஆயர் தெரிவில் இறைமக்களின் குரல் கூட வேண்டும் என்ற விருப்பத்தைப் பதிந்திருக்கிறது. பழைய திருச்சபைக்கு இது புதிதன்று. 374இல் மிலான் மக்கள் கூவி அழைத்தபோது அம்புரோசு ஞானஸ்நானம்கூடப் பெற்றிருக்கவில்லை.

மலையகத்துக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று உண்டு. 1948இன் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டத் தமிழரின் வாக்கைப் பறித்தன. அதன்பின் அவர்கள் கையுயர்த்தி ஒரு தலைவரைத் தெரிவு செய்யக்கூடிய இடங்கள் மிகச் சிலவாகவே இருந்தன. ஒன்று தொழிற்சங்கம், மற்றொன்று சபையின் ஆண்டுக்கூட்டம். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியபோது, அந்தக் கூட்டங்களை நடத்தத் தெரிந்த மூப்பர்களும் குடும்பத்தோடு கப்பலேறினார்கள். தலைமை வளர ஒரு தலைமுறை வேண்டும். அந்தத் தலைமுறைதான் பிடுங்கி நடப்பட்டது.

தேர்தலின் கேடும் தமிழ்க் கிறிஸ்தவர் அறியாததன்று. தென்னிந்தியத் திருச்சபையில் ஓய்வு வயதை 67இலிருந்து 70 ஆக்கும் முயற்சி சென்னை உயர்நீதிமன்றம் ஏறியது. 2024இல் அந்த நீதிமன்றம் திருச்சபைத் தேர்தலை நடத்த ஓய்வுபெற்ற நீதிபதிகளையே அமர்த்த வேண்டியதாயிற்று. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது வேறு கதை. திருவிருந்து பரிமாறும் கைகளுக்கு வாக்குப்பெட்டியைக் காக்கத் தெரியவில்லை என்பது தலைகுனிவுதான். சொத்தும் கல்லூரிகளும் பதவியோடு ஒட்டியிருக்கும் வரை சாதிக் கணக்கும் பணமும் வாக்கோடு ஒட்டியிருக்கும்.

இந்த நோய்க்குத் தமிழர் பழைய மருந்தொன்றை வைத்திருந்தார்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறையில், தகுதியுள்ளோர் பெயர்களைக் குடத்திலிட்டு ஒரு சிறுவன் எடுப்பான். முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்க முடியாது. எகிப்தின் கொப்திக் திருச்சபை இதன் உறவுமுறை ஒன்றை இன்றும் கைக்கொள்கிறது. 2012 நவம்பர் 4ஆம் தேதி, வாக்கெடுப்பில் தேறிய மூவர் பெயரிலிருந்து கண் கட்டிய ஒரு சிறுவன் எடுத்த சீட்டில் இருந்த பெயர் இன்றைய கொப்திக் பாப்பரசர் இரண்டாம் தவாத்ரோஸுடையது. யூதாசின் இடத்துக்கு மத்தியா வந்ததும் சீட்டினால்தான். முதலில் வாக்கு, பிறகு சீட்டு என்றால் இலட்சங்களைச் செலவழித்து ஆள் பிடிப்பவனுக்கு முதலுக்கே உத்தரவாதமில்லை. உத்திரமேரூரின் குறையையும் மறைக்கக் கூடாது: நிலமில்லாதவன் பெயர் அந்தக் குடத்துக்குள் போகவே முடியாது. லயத்தில் குடியிருப்பவருக்கு அந்த நிபந்தனையின் பொருளை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

குடத்துக்குள் யார் பெயர் போகிறது என்பதில்தான் மலையகச் சபைகள் முதலில் கை வைக்க வேண்டும். கிழமை நாளில் கொழும்பில் கூட்டம் என்றால் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். பயணத்தையும் சேர்த்தால் இரண்டு நாள். அப்படியிருக்க, பிரதிநிதியாகப் போகிறவர் ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ நகரத்துக் கடைக்காரராகவோ இருப்பதில் வியப்பென்ன? ஆயர் தெரிவுக்கான கூட்டத்தை ஞாயிறு பிற்பகலில் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ வையுங்கள். அதற்கு வழியில்லை என்றால், தோட்டத்துப் பிரதிநிதியின் நாட்சம்பளத்தையும் இரயில் செலவையும் மறைமாவட்ட நிதியிலிருந்து கொடுங்கள்.