துண்டிலிருந்து நுண்கடன் வரை: ஊவாத் தோட்டங்களில் தொண்டு நிறுவனங்கள்

மலையகத் தமிழரின் வரலாற்றைக் கடனின் வரலாறாகவும் எழுதலாம். இன்ன தொகையைச் செலுத்தினால் இத்தொழிலாளியை விடுவிப்போம் எனத் தோட்டம் எழுதிக்கொடுத்த சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். கங்காணியிடம் பட்ட கடன் அதன்வழி, தோட்டம் மாறினும் தொழிலாளியைப் பின்தொடர்ந்தது. 1921இல் சட்டம் இம்முறையை ஒழித்தது. வெலிமடையையும் சூழவுள்ள ஊவாத் தோட்டங்களையும் முன்வைத்து அரச சார்பற்ற நிறுவனங்களைப் பற்றி எழுதப் புகும் நாம் துண்டிலிருந்து தொடங்குவதற்குக் காரணமுண்டு.

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1972இல் போல் கஸ்பர்ஸ் அடிகளார் கண்டியில் தொடங்கிய சத்தியோதய போன்ற அமைப்புகள் தோட்டத் தமிழரையும் கிராமச் சிங்களவரையும் ஒருங்கே நோக்கின. 1980களிலோ நோர்வே, நெதர்லாந்து, சுவீடன் ஆகிய நாடுகளின் நிதி பாடசாலைக் கட்டடமாகவும் மலசலகூடமாகவும் பிள்ளைமடுவமாகவும் வந்தது. அரசும் தோட்ட நிருவாகமும் செய்யக் கடமைப்பட்டவற்றை அந்நிய நிதி செய்தமையால் உரிமை ‘உதவி’யாயிற்று. 1992இல் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றபின் இப்போக்கு வலுப்பெற்றது எனலாம்.

உலக வங்கியின் வகைப்பாட்டில் இலங்கை 1997இல் கீழ்நடுத்தர வருமான நாடாகியது. லயத்து வறுமை இருந்தபடியே இருக்க, நாடு உதவிக்கான ‘தகுதி’யை இழக்கத் தொடங்கிற்று. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் பெருநிதி கரையோரத்தை நாடியது. 2023இல் நோர்வே கொழும்புத் தூதரகத்தை மூடியது. 2025இல் அமெரிக்க உதவி முடங்கியது. மிஞ்சிய நிதிக்குப் பதுளையின் சிறு நிறுவனம், ஆங்கிலத்தில் திட்ட முன்மொழிவு எழுதவல்ல கொழும்புப் பெருநிறுவனங்களோடு போட்டியிட வேண்டியதாயிற்று. (அம்முன்மொழிவுகளை எழுதிக் கூலி பெற்றோருள் நம்மையொத்த ஆய்வாளரும் உளர் என்பதை மறைப்பதற்கில்லை.)

தாக்குப்பிடிக்கச் சில நிறுவனங்கள் கண்ட வழி நுண்கடன். சேமிப்புக் குழுவாகத் திரட்டப்பட்ட பெண்களே கடன்குழுவாயினர். ஒருத்தி தவறினால் மற்றையோர் பொறுப்பு. வட்டி நிறுவனச் செலவுக்கு ஊற்றாயிற்று. முன்பு வெளியிலிருந்து லயத்துக்கு வந்த பணம் இப்போது லயத்திலிருந்து வெளியே செல்லலாயிற்று என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது. தொண்டு நிறுவனங்கள் வகுத்த அதே பாதையில் இலாப நோக்குடைய நிதிக் கம்பனிகளும் வந்து சேர்ந்தன. 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் உரிமத்தை ஒழுங்குபடுத்தியது. ஆயினும் சம்பளம் மாதத்துக்கும் தவணை கிழமைக்குமாக இருக்கும் முரண் சட்டத்தால் தீர்வதன்று. அவ்விடைவெளியை நிரப்பக் கொழுந்து பறித்த கை வெலிமடையின் உருளைக்கிழங்கு நிலங்களுக்கு நாட்கூலியாகச் செல்கிறது. அதுவும் போதாதபோது இரண்டாவது கடன் முதலாவதை அடைக்கிறது.

இவற்றுக்கிடையே பல தோட்டங்களில் மரணாதாரச் சங்கங்களும் இயங்கிவருகின்றன. அவை எந்தத் தூதரகத்தின் நிதியிலும் எழுந்தவையல்ல. உறுப்பினர் சந்தாவில் நிற்பவை. சாவு வீட்டுக்குச் செல்லும் தொகைக்கு வட்டியுமில்லை, தவணையுமில்லை. அச்சங்கங்களின் கணக்கேடுகளை ஆய்வாளர் இனித்தான் தேடிப் படிக்கவேண்டும்.