வீட்டு வெளிச்சத்தின் நிறம்

விளக்கொளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் அளக்கிறார்கள். 1848-ல் தனிவெப்பநிலை அளவுமுறையை முன்வைத்த வில்லியம் தாம்சன் பின்னாளில் கெல்வின் பிரபு ஆனார். அலகு அவர் பெயரைத் தாங்குகிறது. கொல்லன் உலையில் சூடேறும் இரும்பு சிவந்து, மஞ்சளாகி, வெளுப்பதைப் போன்றதே இந்த அளவு. எண் கூடினால் நீலம் கலந்த வெண்மை, குறைந்தால் மஞ்சள். அகல்விளக்கின் சுடர் 2000-க்கும் கீழே.

நெடுங்காலம் இந்த நிறத்தை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. எண்ணெயும் மண்ணெண்ணெயும் தந்ததே வீட்டின் நிறம். குண்டு பல்பும் அதை மாற்றவில்லை. அதன் டங்ஸ்டன் இழை சூட்டினால் ஒளிர்வது. மேலும் வெளுக்கச் சூட்டைக் கூட்டினால் இழை ஆவியாகி விரைவில் அறுந்துவிடும். ஆகவே சுமார் 2700 கெல்வினோடு நின்றது.

1938-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ட்யூப் லைட்தான் திருப்பம். குழாய்க்குள் பாதரச ஆவி உமிழும் புற ஊதாக் கதிரை, உட்சுவரில் பூசிய பாஸ்பர் பொடி வெளிச்சமாக்குகிறது. பொடிக் கலவையை மாற்றினால் நிறம் மாறும். நிறத்துக்கும் சூட்டுக்கும் இருந்த பிணைப்பு இங்கேதான் அறுந்தது. 1941-ல் பிலிப்ஸ் ஆய்வாளர் க்ரூய்ட்ஹோஃப், மங்கிய வெளிச்சத்தில் மஞ்சளும் மிகுந்த வெளிச்சத்தில் வெண்மையும் இதமளிக்கும் என்று வரைந்து காட்டினார். பிந்தைய சோதனைகள் அதை முழுதாக உறுதிசெய்யவில்லை.

தமிழ்நாட்டு வீடுகளில் நிறத்தை முடிவுசெய்தது கரண்ட் பில். சோக், ஸ்டார்ட்டரோடு சுவரேறிய 4 அடி, 40 வாட் ட்யூப் லைட், 60 வாட் குண்டு பல்பைப்போல் மூன்று மடங்கு வெளிச்சம் தந்தது. சிக்கனம் நியாயமானதே. ஆனால் கூடத்துக்கு ஏற்ற வெண்மை படுக்கையறைக்கும் போனது. மஞ்சள் என்றாலே மங்கல் என்ற எண்ணமும் ஊன்றியது.

நீல எல்.இ.டி.யை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நாகமுரா மூவரும் 2014-ல் நோபல் பரிசு பெற்றனர். நீல எல்.இ.டி.யின்மேல் பாஸ்பர் பூசி எந்த வெண்மையையும் பெறலாம். 2015-ல் மத்திய அரசின் உஜாலா திட்டம் எல்.இ.டி. பல்புகளை மலிவாக்கிப் பரப்பியது. இன்று ஒரே வாட்டில் 2700, 4000, 6500 கெல்வின் மூன்றும் கிடைக்கின்றன.

இரவில் நீலம் மிகுந்த ஒளி, உறக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பைக் குறைக்கிறது. படுக்கையறைக்கு 2700 முதல் 3000 வரையும், அடுக்களைக்கும் படிப்பு மேசைக்கும் 4000-மும் பொருந்தும். பல்பு வாங்கும்போது வாட்டோடு பெட்டியில் அச்சிட்ட கெல்வின் எண்ணையும் பாருங்கள்.